ஆறு அடுக்கும் ஒரு நள்ளிரவுக் குறுஞ்செய்தியும்

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காக நான்கு மாணவர்கள் சேர்ந்து செய்த செயலி அது. வேலை எளிமையானதுதான். மருத்துவமனையில் யாருக்காவது இரத்தம் தேவைப்பட்டால் ஒரு படிவத்தில் இரத்த வகையையும் மருத்துவமனையின் பெயரையும் நிரப்ப வேண்டும். அந்த வகை இரத்தம் உள்ள கொடையாளர்களுக்கு உடனே குறுஞ்செய்தி போகும். மதிப்பெண்ணுக்காக ஆரம்பித்தார்கள். கல்லூரியிலும் ஊரிலும் பெயர் கொடுத்தவர்கள் நானூறைத் தாண்டியதும் அது நிஜமான செயலியாகிவிட்டது. மூன்று நான்கு முறை உண்மையிலேயே ஆள் கிடைத்து, உரிய நேரத்தில் இரத்தமும் கிடைத்தது.

அப்புறம் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு, நால்வரில் ஒருவன் விடுதி அறையில் உட்கார்ந்து புது வசதி ஒன்றைச் சோதித்துப் பார்த்தான். சோதனைச் சூழலில்தான். பொய்யாக ஒரு தேவையைப் பதிந்தான்: ஓ நெகட்டிவ், அவசரம். மருத்துவமனையின் பெயரை மட்டும் பழைய கோரிக்கை ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டான். திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. சோதனையிலும் அப்படித்தான் வரும். படுக்கப் போய்விட்டான்.

காலை ஆறு மணிக்கு ஃபோன் வந்தது. பேசியவர் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். செய்தியைப் பார்த்துவிட்டு இரவு இரண்டு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் போயிருக்கிறார். வாசலில் இருந்த காவலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை. இரத்த வங்கியில் கேட்டால் அப்படி யாரும் கேட்கவில்லை என்றார்கள். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். கோபமாகப் பேசவில்லை. "யாருக்கும் ஒண்ணுமில்லன்னா நல்லதுதான் தம்பி" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அடுத்த தடவை மெசேஜ் வந்தா நெசமான்னு ஒரு தடவை யோசிப்பேன்ல" என்றார்.

நால்வரையும் உறுத்தியது அந்தக் கடைசி வாக்கியம்தான். காலையிலேயே நிரலை வரி வரியாகப் பார்த்தார்கள். அனுப்பும் தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்க அமைவுகளில், அதாவது கான்ஃபிகரேஷனில் இருந்தது.

அமைவு என்றால்

ஒரு வீட்டில் காபி போடுவதை எடுத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இது பொது விதி. தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி, அவருக்கு மட்டும் கிடையாது. அத்தை வந்தால் ஒரு ஸ்பூன். இன்றைக்கு மட்டும் அப்பா 'எனக்கும் வேண்டாம்' என்றால் அது எல்லா விதிக்கும் மேல். காபி போடும் முறை மாறவில்லை. எந்தத் தம்ளருக்கு எவ்வளவு சர்க்கரை என்பது மட்டும் மாறுகிறது. முறைதான் நிரல். ஸ்பூன் கணக்குதான் அமைவு. பொது விதியை அடுத்த விதி மறைப்பதும், அதை இன்னொன்று மறைப்பதும்தான் அடுக்கு.

இது புது யோசனை இல்லை. யூனிக்ஸ் கணினிகளில் மொத்தக் கணினிக்கும் ஒரு அமைவுக் கோப்பு இருக்கும், பயனரின் சொந்தக் கோப்பு அதை மறைக்கும், சூழல் மாறி அதை மறைக்கும், கட்டளையோடு தட்டச்சு செய்வது எல்லாவற்றையும் மறைக்கும். சூழல் மாறி என்பது 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே உண்டு. அன்றைக்கு ஒரு சௌகரியம் இருந்தது. எல்லா அடுக்கும் ஒரே கணினிக்குள் இருந்தன. சந்தேகம் வந்தால் அந்தக் கணினிக்குள் நுழைந்து கோப்பைத் திறந்து பார்த்துவிடலாம்.

சர்வர்லெஸ்ஸில் அந்தச் சௌகரியம் போய்விட்டது. பெயரில்தான் சர்வர் இல்லை, எங்கேயோ சர்வர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எது என்று நிரல் எழுதுபவருக்குத் தெரியாது, உள்ளே நுழையவும் முடியாது. கோரிக்கை வந்தால் ஒரு சிறு இயங்குசூழல் எழுந்து வேலையைச் செய்யும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் மேகம் அதைக் கலைத்துவிடும். 'இப்போது எந்த மதிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறாய்?' என்று கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுக்கு எப்படிக் கூடுகிறது

அமேசானின் லாம்ப்டா அறிவிக்கப்பட்டது 2014 நவம்பரில். அதில் சூழல் மாறி வைக்கும் வசதி 2016 நவம்பரில்தான் வந்தது. அதுவரை பலர் அமைவுகளை நிரலோடு கட்டியே ஏற்றினார்கள். வசதி வந்த பிறகும் ஒரு வரம்பு இருக்கிறது. ஒரு ஃபங்ஷனின் எல்லாச் சூழல் மாறிகளும் சேர்ந்து 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அடங்காதவற்றையும், பல ஃபங்ஷன்களுக்குப் பொதுவானவற்றையும் பாராமீட்டர் ஸ்டோர் என்ற தனிக் கிடங்கில் வைப்பார்கள். கடவுச்சொல் மாதிரியான ரகசியங்களுக்கு 2018-இல் சீக்ரெட்ஸ் மேனேஜர் வந்தது. அங்கே ஒரு ரகசியத்துக்கு மாதம் 40 சென்ட் வாடகை. மாணவர்களுக்கு அதுவும் காசுதான். அதனால் சில ரகசியங்கள் அங்கே, சில இங்கே என்று பிரியும்.

இப்படித்தான் அடுக்கு கூடுகிறது. யாரும் உட்கார்ந்து ஆறு அடுக்கு வேண்டும் என்று திட்டம் போடுவதில்லை. நால்வரின் செயலியில் ப்ராஜெக்ட் முடிவதற்குள் இவ்வளவு சேர்ந்திருந்தன:

1. நிரலுக்குள்ளேயே எழுதிய இயல்பு மதிப்பு
2. எல்லாச் சூழலுக்கும் பொதுவான கோப்பு
3. சோதனைக்கு ஒன்று, நிஜத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் கோப்பு
4. ஃபங்ஷனின் சூழல் மாறிகள்
5. பாராமீட்டர் ஸ்டோர்
6. சீக்ரெட்ஸ் மேனேஜர்

கீழே இருப்பதை மேலே இருப்பது மறைக்கும். மேலே இல்லையென்றால் கீழே தேடும். ஒவ்வொரு அடுக்கையும் வைத்ததற்கு அந்தந்த நாளில் ஒரு நல்ல காரணம் இருந்தது.

மூன்று ஓட்டை

அந்த இரவு நடந்ததைப் பிரித்துப் பார்த்தபோது மூன்று ஓட்டைகள் தெரிந்தன.

முதல் ஓட்டை, கொடையாளர் அட்டவணையின் பெயர். சோதனைக் கோப்பில் சோதனை அட்டவணையின் பெயர் சரியாக இருந்தது. ஆனால் அந்த அமைவின் சாவிப்பெயரில் அடிக்கோடு போட வேண்டிய இடத்தில் நடுக்கோடு போட்டிருந்தார்கள். நிரல் தேடிய பெயர் வேறு. கிடைக்கவில்லை. அடுக்கின் விதிப்படி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி நிரலுக்குள் இருந்த இயல்பு மதிப்பை எடுத்துக்கொண்டது. அது முதல் வாரத்தில் அவசரமாக எழுதியது. அப்போது இருந்தது ஒரே ஒரு அட்டவணைதான். இன்றைக்கு அதுதான் நிஜ அட்டவணை.

இரண்டாவது ஓட்டை, 'செய்தி அனுப்பலாமா?' என்ற அமைவு. சோதனையில் அதற்கு 'ஃபால்ஸ்' என்று மதிப்பு. முதலில் அது ஜேசான் கோப்பில் இருந்தது. ஜேசானில் ஃபால்ஸ் என்றால் உண்மையான 'இல்லை'. அந்த வாரம்தான் அதைச் சூழல் மாறிக்கு மாற்றினார்கள். சூழல் மாறியில் எண்ணும் கிடையாது, ஆம்-இல்லையும் கிடையாது. எல்லாமே எழுத்துச்சரம்தான். ஜாவாஸ்கிரிப்ட்டில் காலியாக இல்லாத எந்தச் சரமும் 'ஆம்' என்றே கணக்கு. ஃபால்ஸ் என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் காலியான சரம் இல்லையே! ஆகவே ஆம். பைத்தானிலும் அந்தச் சரத்தை நேராக பூலியனாக மாற்றினால் இதே கதைதான்.

மூன்றாவது ஓட்டை, குறுஞ்செய்தி அனுப்பித் தரும் சேவையின் சாவி. ஒரே கணக்கு, ஒரே சாவி. சோதனையும் நிஜமும் அதையே பகிர்ந்துகொண்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடுக்கோட்டுப் பிழை அங்கே மூன்று வாரமாக இருந்தது. மூன்று வாரமும் சோதனைகள் நிஜ அட்டவணையைத்தான் படித்துக்கொண்டிருந்தன. செய்தி அனுப்புவது அணைந்திருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இரண்டாவது கதவு திறந்த அன்றைக்குத்தான் முதல் கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது தெரிந்தது. அடுக்குகளின் தொல்லையே இதுதான். ஒரு பிழையை இன்னொரு அடுக்கு போர்த்தி வைத்திருக்கும்.

பிழையைத் தேடியபோதும் அதே தொல்லை. ஒருவன் கோப்பைப் பார்த்து அட்டவணைப் பெயர் சரி என்றான். இன்னொருவன் அமேசானின் பக்கத்தில் சூழல் மாறியைப் பார்த்து ஃபால்ஸ்தானே இருக்கிறது என்றான். மூன்றாமவன் நிரலைப் பார்த்து சரியென்றான். மூவரும் பார்த்தது உண்மைதான். ஆனால் அந்த ஃபங்ஷன் கடைசியில் எந்த மதிப்போடு ஓடியது என்று சொல்லும் இடம் ஒன்றுகூட இல்லை.

இன்னும் சில குழிகள்

தேடும்போது தங்கள் செயலியில் விழக் காத்திருந்த வேறு குழிகளும் கண்ணில் பட்டன. சர்வர்லெஸ் பக்கம் போகிற வகுப்புத் தோழர்களுக்கு உதவும்.

மதிப்பு இல்லையென்றால் இயல்பை எடு என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் இரட்டைக் குழாய்க்குறி போடுவது பழைய பழக்கம். மறுமுயற்சி எத்தனை முறை என்பதற்கு ஒருவர் வேண்டுமென்றே பூஜ்ஜியம் வைத்தால் அது பூஜ்ஜியத்தையும் 'இல்லை' என்று எண்ணி இயல்பு மதிப்பைப் போட்டுவிடும். இதற்காகவே 2020 பதிப்பில் இரட்டைக் கேள்விக்குறி வந்தது. அது மதிப்பு உண்மையிலேயே இல்லாதபோது மட்டும் இயல்பை எடுக்கும்.

யாமல் கோப்பில் இன்னொரு வேடிக்கை. பழைய 1.1 விதிப்படி ஆங்கிலத்தில் 'நோ' என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் அது ஃபால்ஸ் ஆகிவிடும். நாடுகளின் ஈரெழுத்துப் பட்டியலில் நார்வேயின் குறியீடும் அதே இரண்டெழுத்து. பட்டியலில் நார்வே மட்டும் காணாமல் போய் அந்த இடத்தில் ஃபால்ஸ் நிற்கும்.

லாம்ப்டாவில் ஒரு ஃபங்ஷனைப் பதிப்பாக வெளியிட்டால் அதன் சூழல் மாறிகளும் அந்தப் பதிப்போடு உறைந்துவிடும். அதே பதிப்புக்குச் சோதனை என்று ஒரு மாற்றுப்பெயரும் நிஜம் என்று ஒரு மாற்றுப்பெயரும் கொடுத்தால் இரண்டும் ஒரே சூழல் மாறிகளோடுதான் ஓடும். வேறு வேறு மதிப்பு கிடைக்கும் என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

கடைசியாக, பழைய மதிப்பின் சூடு. ஃபங்ஷன் எழும்போது ஒரு முறை பாராமீட்டர் ஸ்டோரைப் படித்து வைத்துக்கொள்வது வழக்கம். வேகத்துக்கு நல்லது. ஆனால் கிடங்கில் மதிப்பை மாற்றினாலும் ஏற்கெனவே எழுந்து நிற்கும் இயங்குசூழலுக்கு அது தெரியாது. ஒரே நிமிடத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளில் ஒன்றுக்குப் பழைய மதிப்பும் மற்றதற்குப் புது மதிப்பும் கிடைக்கலாம். அமேசானே இதற்குத் தரும் துணை நீட்சியும் இயல்பாக 300 நொடி வரை பழையதை வைத்திருக்கும். ஐந்து நிமிடம் பொறுக்க முடியாத அமைவு எது என்று முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

பெரியவர்களும் தப்பவில்லை

மாணவர்களின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் இருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று புது மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புது நிரலை ஏற்ற மறந்துவிட்டார்கள். புது வசதியை இயக்க அவர்கள் தேர்ந்தெடுத்தது ஏற்கெனவே வேறொரு பழைய வசதிக்கு இருந்த அதே கொடியை. ஏழு சர்வர்கள் அதைப் புது அர்த்தத்தில் புரிந்துகொண்டன. எட்டாவது, பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரலை எழுப்பிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அது சர்வர்லெஸ் காலத்துக்கு முந்தையது. ஆனால் கதை ஒன்றுதான். ஒரே அமைவுக்கு இரண்டு இடங்களில் இரண்டு அர்த்தம்.

ரகசியத்தைத் தவறான அடுக்கில் வைத்ததற்கும் உதாரணம் உண்டு. 2016-இல் ஊபரின் நிரல் சேமிப்பிடத்துக்குள் நுழைந்த ஆட்கள் அங்கே கிடந்த மேகச் சாவியை எடுத்து, உலகெங்கும் 5.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளினார்கள். நிறுவனம் அதை வெளியே சொன்னது 2017 நவம்பரில்.

ஹீரோகு நிறுவனத்தினர் 2011 வாக்கில் எழுதிய 'ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்' என்ற வழிகாட்டியில் இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. இந்த நிமிடமே நிரல் முழுவதையும் ஊருக்கே திறந்து காட்டினால் ஒரு ரகசியமாவது வெளியே போகுமா? போகும் என்றால் அமைவு நிரலை விட்டு இன்னும் பிரியவில்லை. நால்வரின் நிரல் அந்தச் சோதனையில் தேறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரகசியம் எதுவும் வெளியே இல்லை. ஆனாலும் அந்த மனிதர் பதினான்கு கிலோமீட்டர் போனார். அந்தச் சோதனை மட்டும் போதாது.

என்ன மாற்றினார்கள்

முதலில் ஆறு அடுக்கை மூன்றாகக் குறைத்தார்கள். நிரலோடு போகும் ஒரு பொதுக் கோப்பு, சூழல் மாறி, ரகசியக் கிடங்கு. அவ்வளவுதான். ஒவ்வொரு அமைவுக்கும் ஒரே வீடு. ஒரே அமைவு இரண்டு இடத்தில் இருந்தால் ஏற்றும்போதே நிற்கும்.

அடுத்து, அமைவுகளை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். பக்கத்துக்கு எத்தனை வரி என்பது போன்றவை தவறினாலும் ஒன்றும் ஆகாது. அவற்றுக்கு இயல்பு மதிப்பு இருக்கலாம். அட்டவணைப் பெயர், செய்தி அனுப்பலாமா, யார் சாவி ஆகியவற்றுக்கு இயல்பு மதிப்பே கிடையாது. மதிப்பு கிடைக்கவில்லையென்றால் ஃபங்ஷன் எழும்போதே பிழை சொல்லி நின்றுவிட வேண்டும். நின்று போன செயலியை அடுத்த நாள் சரிசெய்துவிடலாம்.

மூன்றாவது, எல்லா அமைவையும் ஒரே இடத்தில், ஒரே முறை படித்து, வகை பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஆம்-இல்லை என்றால் 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்' என்ற இரண்டு சரங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு எது வந்தாலும் பிழை. யாருக்கும் தெரியாத சாவிப்பெயர் கோப்பில் இருந்தாலும் பிழை. இந்த ஒரு விதி இருந்திருந்தால் நடுக்கோடு முதல் நாளே மாட்டியிருக்கும்.

நான்காவதுதான் அவர்களுக்கு அதிகம் பயன்பட்டது. ஃபங்ஷன் எழுந்தவுடன் ஒவ்வொரு அமைவுக்கும் ஒரு வரி பதிவேட்டில் எழுதும்: பெயர், கடைசி மதிப்பு, அது எந்த அடுக்கிலிருந்து வந்தது. ரகசியங்களுக்கு மதிப்பை எழுதாமல் வந்த இடத்தை மட்டும் எழுதும். உள்ளே நுழைந்து பார்க்க முடியாத கணினியிடம் கேட்க முடியாததை அது தானாகவே சொல்லிவிடுகிறது. 'என் பக்கம் சரியாத்தான் இருக்கு' என்ற சண்டை அதோடு நின்றது.

ஐந்தாவது, அனுமதி. அதுவரை சோதனை ஃபங்ஷனுக்கு நிஜ அட்டவணையைப் படிக்கும் உரிமை இருந்தது. அமைவு தவறினால் நேராக அங்கே போய்விடலாம். இப்போது சோதனைக்குத் தனிக் கணக்கே வைத்துவிட்டார்கள். அங்கிருந்து நிஜ அட்டவணையைத் தொட வழியில்லை. பெயரைத் தவறாகக் கொடுத்தால் 'அனுமதி இல்லை' என்று வரும். சோதனை அட்டவணையில் இருப்பது நால்வரின் சொந்த ஃபோன் எண்கள் மட்டும். நள்ளிரவில் தவறு நடந்தால் எழுந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அந்த இரவுச் செய்தி போனது ஏழு பேருக்கு. பதிவு செய்திருந்த ஓ நெகட்டிவ் கொடையாளர்கள் மொத்தமே அந்த ஏழு பேர்தான். இந்தியாவில் அந்த வகை அவ்வளவு அபூர்வம். நால்வரும் பிரித்துக்கொண்டு ஏழு பேருக்கும் ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டார்கள். ஐந்து பேர் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். ஒருவர் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் இருக்கட்டும் என்றார்.

இப்போது பட்டியலில் ஆறு பேர். பதிவேட்டில் தினமும் முதல் வரியாக வருவது இது: கொடையாளர் அட்டவணை, நிஜம், சூழல் மாறியிலிருந்து. ஏற்றிவிட்டு அந்த வரியைப் படிக்காமல் நால்வரில் ஒருவரும் படுக்கப் போவதில்லை.